இரண்டாம் பக்கம் இல்லாத ரோபோ

சலாலா, ஓமன்
5 நவம்பர் 2023

மதி,

போன் பண்ணாதே என்றாய், பண்ணவில்லை. மெசேஜ் போடாதே என்றாய், போடவில்லை. கடிதம் எழுதாதே என்று நீ சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு கையால் இவ்வளவு எழுதுவது இப்போதுதான், அதுவும் பெண்டாட்டிக்கு. என் அறையில் இருக்கும் சுடலைராஜ் அண்ணன், தூத்துக்குடிக்காரர், எட்டிப் பார்த்து, "என்னடே, பரீட்சை எழுதுதியா?" என்கிறார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் துறைமுகத்தில் ஒரு கிரேன் படுத்துவிட்டது. உதிரிபாகம் வரும்வரை எனக்கு வேலை இல்லை. சும்மா இருந்த நேரத்தில் நம் ஆட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். பாலிடெக்னிக் கணினியில் நீ சண்டைக் களத்தை எழுதினாய், நான் அதில் சண்டை போடும் ரோபோவை எழுதினேன். உலகத்திலேயே நாம்தான் முதலில் செய்தோம் என்று கேன்டீனில் பீற்றிக்கொண்டு திரிந்தோம். நாம் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் செய்துவிட்டார்கள், மதி. எழுபதுகளில், ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில். எண்பத்தொன்றில் அது வீட்டுக் கணினிக்கும் வந்திருக்கிறது. அப்படியே நம் ஆட்டம். ரோபோ எப்படி நகர வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று நிரல் எழுதிக் கொடுப்பதோடு ஆள் விலகிக்கொள்ள வேண்டும். சண்டை தொடங்கிவிட்டால் கை வைக்க முடியாது. அது அடி வாங்கினாலும் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒரு பத்திரிகை இதற்குப் போட்டி வைத்திருக்கிறது. ஊர் ஊராக இருந்த ஆட்கள் தங்கள் ரோபோவை பிளாப்பி டிஸ்க்கில் போட்டுத் தபாலில் அனுப்புவார்களாம். சண்டை வேறு எங்கோ நடக்கும். பத்திரிகை கைக்கு வந்தால்தான் தன் ரோபோ பிழைத்ததா போனதா என்று தெரியும். அதுவரை காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நாமும் அப்படி ஆடலாமா? உள்ளே ஒட்டிய உறையில், காகிதத்தில் எழுதிய என் ரோபோ 'காசிமேடு' இருக்கிறது. உன் ரோபோ 'ராஜாத்தி'யைத் தயார் செய்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். எழுதியதை எழுதியபடியே கணினியில் தட்ட வேண்டும். தப்பு கண்ணில் பட்டாலும் திருத்தக்கூடாது. மோதவிட்டு முடிவை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். எழுதினால் சந்தோஷப்படுவேன்.

வல்லரசு

*

திருவொற்றியூர்
14 டிசம்பர் 2023

திரு. வல்லரசு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் புயலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத நேரம் இல்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீரை இறைத்துக்கொண்டு இருந்தேன். எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததாம், எங்களுக்கு வெறும் சாக்கடைதான், அந்த மட்டும் அதிர்ஷ்டம். கட்டில் மேல் பிரிட்ஜை ஏற்றுவதற்கு ஆள் இல்லை. உங்கள் அம்மாதான் வியாசர்பாடியிலிருந்து பாதி தூரம் நடந்தே வந்தார். அங்கே அவர் குடியிருப்பிலும் தண்ணீர். வந்தவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அந்தப் பக்கம் புடிடி, நானு இந்தப் பக்கம் புட்ச்சிக்கிறேன்" என்றார். ஏற்றிவிட்டோம்.

போன் பண்ணாதே என்று சொன்னால் எட்டு மாதம் சும்மா இருப்பீர்களா? நான் சொன்னது கோபத்தில். நீங்கள் கடைப்பிடித்தது என்னத்தில்? எனக்குப் புரியவில்லை. இந்த ஊரே நீந்திக்கொண்டு இருந்தபோதும் ஒரு மணி அடிக்கவில்லை. நன்றாக இருங்கள்.

எனக்கு என்ன கோபம் என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிடுகிறேன். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒப்பந்த வேலை முடிந்தது, சரி. வெளிநாடு போவதும் சரி. உலகத்தில் யாரும் போகாததா? ஆனால் கையெழுத்துப் போட்டு, விசா வாங்கி, டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "உனக்குக் கஷ்டம் வேணாம்னுதான் சொல்லல" என்றீர்கள். பிறகு வருஷ லீவுக்கு வரப்போவதில்லை என்பதையும் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சொன்னீர்கள். அதுவும் என் நல்லதுக்குத்தானாம். என் நல்லது என்ன என்று என்னிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, ரோபோ. தட்டினேன். விதி என்றால் விதி. எழுதியதை எழுதியபடி தட்டினேன்.

அது சுடவே இல்லை. களத்துக்குள் வந்ததும் ராஜாத்தி எங்கே என்று தேடிக்கொண்டு போகிறது. கொஞ்ச தூரத்தில் நின்றுகொள்கிறது. அவளையே பார்க்கிறது. அவள் நகர்ந்தால் பின்னாலேயே போய் மறுபடி நின்று பார்க்கிறது. அவள் சுடுகிறாள், அடி வாங்குகிறது, மறுபடி பார்க்கிறது. சாகும்வரை இதேதான். எத்தனை தடவை ஓட்டினாலும் இதேதான்.

இது என்ன நாடகம்? நேரில் சொல்ல வாய் வராதவர் ரோபோவை அனுப்பி என் மனதைக் கரைக்கப் பார்க்கிறீர்களா? ஆட்டத்திலும் நீங்களே முடிவு செய்து எனக்கு விட்டுக்கொடுப்பீர்களா? எனக்குப் பிச்சை வேண்டாம். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

மதி

*

சலாலா
3 ஜனவரி 2024

மதி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பயமாக இருக்கிறது. திட்டும்போது 'நீ' என்று திட்டு.

முழங்கால் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அல்லாம் நல்லாத்தான் கீது, நீ உன் வேலயப் பாரு" என்றது. அதை நம்பிவிட்டேன். எனக்கு வசதியாக இருந்ததை நம்பினேன் என்றும் சொல்லலாம்.

இப்போது இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாகப் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டு இருக்கிறேன். காசிமேடு சுடாததற்குக் காரணம், அதன் இரண்டாம் பக்கம் இங்கே என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. உறையில் போட மறந்துவிட்டேன். நகர்வதும் பார்ப்பதும் முதல் பக்கம். குறி வைப்பதும் சுடுவதும் இரண்டாம் பக்கம். நான் பக்க எண் போடுவதில்லை என்று பாலிடெக்னிக்கில் லேப் ஆசிரியர் ரெக்கார்டைத் தூக்கி எறிந்தாரே, அதே கதைதான். முதல் பக்கம் முடிந்ததும் திரும்ப ஆரம்பத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம்.

உன் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். நான் எழுதாத ஒன்றை நீ படித்து வைத்திருக்கிறாய். சுடலைராஜ் அண்ணனிடம் சொன்னேன். "வேணும்னுதான் அப்படிச் செஞ்சேன்னு எழுதுடே. பொம்பள கரைஞ்சு போயிருவா" என்றார். எழுதவும் ஆரம்பித்தேன். நான்கு வரி போனது. பிறகு கிழித்துவிட்டேன். உன்னிடம் மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். இதிலும் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டாம் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுக்கச் சுடுகிற வேலைதான், மன்னித்துக்கொள்.

இன்னொரு பழைய கதையும் கிடைத்தது. ரோபோ வருவதற்கெல்லாம் முன்னால், அறுபதுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஒரு தொலைபேசி ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று பேர் ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். படம் கிடம் எதுவும் கிடையாது. கணினியின் நினைவகத்துக்குள் ஒருத்தர் எழுதிய நிரல் இன்னொருத்தர் நிரலைத் தேடி அழிக்கும், அவ்வளவுதான். மூன்று பேரில் ஒருத்தர் ஒரு சின்ன நிரல் எழுதினார். அதை யாராலும் வெல்ல முடியவில்லை. அதோடு ஆட்டமே நின்றுபோனதாம்.

கடைசியாக ஒன்று. ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். சூப்பர்வைசர் வேலை, குடும்ப விசாவும் உண்டு. மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

வல்லரசு

*

திருவொற்றியூர்
22 ஜனவரி 2024

அடப்பாவி,

உன் கடிதத்தைச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஆபீஸில் வைத்துப் பிரித்தது என் தப்பு. தலையணைக்குக் கீழே என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். வெளியே லாரியில் கம்பி இறக்கும் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. முதலாளி அமீருதீன் பாய் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, "இன்னாம்மா, ஸ்டாக்கு எதுனா டேலி ஆயிடுச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த சந்தோஷம் அது ஒன்றுதான். ஆமாம் பாய் என்றேன்.

அதற்காக இரண்டு நாள் அழுதேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. ஒரு பேப்பர் வைக்க மறந்த ஆளுக்காக.

இரண்டாம் பக்கத்தைச் சேர்த்து ஓட்டினேன். ராஜாத்தியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டது. சந்தோஷமா? முதல் பக்கம் மட்டும் உள்ளதையும் அழிக்கவில்லை. காரணம் கேட்காதே.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தார். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இன்னாடி இது, கல்யாணம் ஆயி இத்தினி வருசம் கழிச்சி லெட்டரு குடுத்துகினு கீறீங்க? போனு இன்னாத்துக்கு கீது?" என்றார். போனில் பேசினால் உங்கள் மகன் என்னைப் பேசவிடாமல் சமாதானம் செய்துகொண்டே இருக்கிறான் என்றேன். "அவங்கப்பனும் அப்டித்தான்" என்று சொல்லிவிட்டு மீனை ஆயப் போய்விட்டார்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நீ சொல்கிறபடி செய்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? முதல் தடவை என்னைக் கேட்காமல் முடிவு செய்தாய். இப்போது முடிவை என் தலையில் இறக்கிவிட்டு ஒளிந்துகொள்கிறாய். வா என்று சொன்னால் நாளைக்கு வேலை கிடைக்காமல் நீ மோட்டுவளையைப் பார்த்து உட்காரும்போதெல்லாம் நான் குற்றவாளி. அங்கேயே இரு என்று சொன்னால் அதற்கும் நான்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உனக்கு என்ன வேணும்? இவ்வளவு வருஷத்தில் அதை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை நீ. எனக்கு எது நல்லது, அம்மாவுக்கு எது நல்லது, இதுதான் எப்போதும்.

அந்த மூன்று பேர் கதையில் எனக்கு ஒரு சந்தேகம். யாராலும் வெல்ல முடியாமல் எழுதினாரே, அந்த ஆள் அதற்கு அப்புறம் யாருடன் விளையாடினார்?

மதி

*

சலாலா
10 பிப்ரவரி 2024

மதி,

அவர் யாருடன் விளையாடினார் என்று தேடிப் பார்த்தேன். எங்கேயும் போடவில்லை.

நீ கேட்டதை நன்றாக யோசித்தேன். இங்கே இருந்தால் சூப்பர்வைசர். நீ வந்தால் தனி வீடு தருவார்கள். ஆனால் நீ வந்தால் உன் வேலை போகும், அம்மா தனியாகிவிடும். அங்கே வந்தால் காட்டுப்பள்ளியில் எடுக்கிறார்களா தெரியாது, எண்ணூர் துறைமுகத்தில் கேட்டுப் பார்க்கலாம், என் பழைய நண்பன் முபாஷிர் ராயபுரத்தில் சொந்தமாக சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிறான், அவனிடமும் கேட்கலாம். சுடலைராஜ் அண்ணன் ஒரு தடவை விட்டால் திரும்பக் கிடைக்காது என்கிறார். இங்கே உள்ள மேனேஜரும் அதையே சொல்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ரோபோவின் ராடாரைப் பற்றி ஒன்று படித்தேன், அந்தப் பழைய ஆட்டத்தில் எதிரே சுவர் இருந்தால் ஒரு மாதிரி எண் வரும், ஆள் இருந்தால் வேறு மாதிரி வரும். அதை நம் களத்தில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வல்லரசு

*

திருவொற்றியூர்
28 பிப்ரவரி 2024

வல்லரசு,

நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. இது இரும்பு மார்க்கெட்டில் கொட்டேஷன் கேட்டால் கொடுக்கிற காகிதம்.

மேனேஜர் சொன்னது, அண்ணன் சொன்னது, ராடார் சொன்னது எல்லாம் வந்திருக்கிறது. நீ சொன்னது எங்கே?

இன்னும் ஒரே ஒரு கடிதம் எழுது. அதில் அமெரிக்கா வரக்கூடாது. கம்பெனி வரக்கூடாது. எனக்கு எது நல்லது என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. அப்படி எழுத ஒன்றும் இல்லை என்றால் எழுதாதே. உன் துணிமணி, சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி உன் அம்மா வீட்டில் வைத்துவிடுகிறேன். களத்தையும் அழித்துவிடுகிறேன். இதில் எனக்குக் கோபம் இல்லை. களைத்துவிட்டேன்.

மதி

*

சலாலா
17 மார்ச் 2024

மதி,

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். எழுதிய பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. வேண்டும் என்று கேட்டால் கிடைக்காமல் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்து ஒரு பயம். கேட்காமலே இருந்தால் ஏமாற வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உன் பக்கத்தில் படுக்க வேண்டும். நீ தூக்கத்தில் போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்வாயே, அதற்குச் சண்டை போட வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக்கில் போகும்போது, பயத்தில் என் தோளைக் கிள்ளிக்கொண்டே வருவாய். அந்த இடத்தைக் குளிக்கும்போது தொட்டுப் பார்க்கிறேன். மீன் முள்ளை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பாயே, அது வேண்டும். நீ பேசுவதைக் கேட்க வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்பேனா என்றால் தெரியாது. முயற்சி செய்வேன்.

நேற்று மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். இதற்கு மட்டும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை காலையில் சென்னையில் இறங்குகிறேன். வேலை எதுவும் கையில் இல்லை. விமான நிலையத்துக்கு வரச் சொல்லவில்லை. நேராக நம் வீட்டுக்கு வருவேன். கதவு பூட்டியிருந்தால் அம்மா வீட்டுக்குப் போவேன். மறுநாளும் வருவேன். பதினான்காம் தேதி அம்பேத்கர் பிறந்தநாளுக்கு வியாசர்பாடியே தெருவில் இருக்கும், அன்றைக்கும் வருவேன். நீ திறக்கும்வரை வருவேன்.

உன்னை ரொம்பத் தேடுகிறது, மதி.

வல்லு

*

திருவொற்றியூர்
6 ஏப்ரல் 2024

வல்லு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இது உன்னிடம் வந்து சேராது. இங்கிருந்து அங்கே போக எப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் ரம்ஜான் விடுமுறை வேறு. அதற்குள் நீ இங்கே வந்திருப்பாய். அது நன்றாகத் தெரிந்துதான் எழுதுகிறேன். உன் முகத்துக்கு நேரே இதையெல்லாம் சொல்ல என்னால் முடியாது.

போன வருஷம் லீவுக்கு வரவில்லை என்று முந்தின நாள் சொன்னாய் அல்லவா? மறுநாள் நான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். ஆபீஸில் முன்பே லீவு சொல்லியிருந்தேன், புதுப் புடவைக்கு பிளவுஸ் தைத்து வந்திருந்தது, வீட்டில் இருக்க முடியவில்லை. நீ வரவேண்டிய விமானம் வந்த நேரத்தில் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எல்லார் வீட்டு ஆளும் வந்தார்கள். கடைசி ஆள் வரும்வரை நின்றேன். தள்ளுவண்டி எடுக்க வந்த ஒரு பெரியவர், "வரலையாம்மா?" என்று கேட்டார். அடுத்த விமானத்தில் வருகிறார் என்று சொன்னேன். சொன்னதற்காக அடுத்த விமானம் வரைக்கும் நின்றேன். அதற்கு அப்புறம்தான் உன்னைப் போன் பண்ணாதே என்றேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கும் தேடுகிறது. உன்னை விட அதிகமாகத் தேடுகிறது என்று எழுதினால் அதற்கும் நீ கணக்கு கேட்பாய். ராத்திரி யாராவது பைக்கை நிறுத்தினால் எழுந்து உட்காருகிறேன். வேலை இல்லாமல் வா. ஒன்றுமே இல்லாமல் வா. வந்து வீட்டில் உட்கார்ந்து என்னை எரிச்சல்படுத்து. எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமைக்கு பாயிடம் லீவு வாங்கிவிட்டேன்.

சுடலைராஜ் அண்ணா, இதை நீங்கள்தான் பிரித்திருப்பீர்கள். வணக்கம். படித்ததற்குக் கோபம் இல்லை, யாராவது ஒருத்தர் படிக்க வேண்டும் என்றுதான் போடுகிறேன். உங்களிடம் ஒரு உதவி. இந்தத் தபால்காரர்களை நம்ப முடியாது. அவர் கிளம்புவதற்கு முன்பே இது வந்துவிட்டால் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். விமானம் ஏறும்வரை எங்கேயாவது ஒளித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை நான் கதவைத் திறந்ததும் நன்றாகத் திட்டுவதாக இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வந்தால், நான் திட்டத் திட்ட அவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

மதி